ஒன்றரை அங்குலம்

என் நண்பன் நடேசனின் இடுப்பைக் கெடுத்தவன் நான். அது விபத்து அல்ல. குந்தி எழும் போட்டிக்கு முதல் நாள் மதியம், போட்டிக்காக வைத்திருந்த குட்டை பெஞ்சின் நான்கு கால்களிலும் ஒன்றரை அங்குலம் அறுத்தேன். அறுத்த முனைகள் புதிதாகத் தெரியாமலிருக்கச் சேற்றைத் தடவினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது சொன்னால் என்னை அறியாமலே நான் அதை மெழுகிவிடக்கூடும்.

சென்ற வாரக் கட்டுரையை, நான் ஆசிரியர் பயிற்சி முடித்து மலாக்காவுக்குத் திரும்பியதோடு நிறுத்தியிருந்தேன். இது அதற்குப் பிறகு நடந்தது. எந்த மாதம் என்று நினைவில்லை. மெர்டேகாவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திர நாளுக்கு, சில வாரங்களே இருந்தன என்பது மட்டும் நிச்சயம். கடைகளில் புதுக் கொடிகள் தொங்கத் தொடங்கியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை. மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு துத்தநாகத் தகட்டுக் கொட்டகை. தோளில் இரும்புத் தண்டைச் சுமந்துகொண்டு நடேசன் கீழே இறங்கினான். நான் அவன் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவன் முதுகைப் பார்ப்பது என் வேலை. அவனுடைய பின்புறம் பெஞ்சைத் தேடியது. வழக்கமாக இருக்கும் உயரத்தில் பெஞ்சு இல்லை.

கொட்டகை

கொட்டகை எங்களோடு பயிற்சி செய்த அசீஸின் வீட்டுப் பின்புறம் இருந்தது. அவனுடைய அப்பாவுக்கு டவுனில் ஜவுளிக்கடை. ஒரு காலத்தில் துணிப் பொதிகளைப் போட்டுவைத்த இடம் அது. மழை பெய்தால் உள்ளே பேச முடியாது, கத்த வேண்டும். மண் தரை. பழைய பருத்தியின் வாசனை கடைசிவரை போகவே இல்லை.

தண்டு ஒரு பழைய லாரியின் அச்சு. எடைகளை நாங்களே செய்தோம். பிஸ்கட் டின்களில் சிமெண்டை ஊற்றி, காய்ந்ததும் டின்னைக் கிழித்தெடுத்துக் கறுப்புச் சாயம் பூசினோம். சாயம் கழுத்தில் ஒட்டும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் சட்டைக் காலரைப் பார்த்தே மாணவர்கள் சிரிப்பார்கள்.

இங்கிலாந்திலிருந்து ஒரு தேகப்பயிற்சிப் பத்திரிகை கப்பலில் வரும், மூன்று மாதம் தாமதமாக. அதைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்வது நான். கொட்டகையில் எனக்கிருந்த மரியாதை முழுவதும் அந்தப் பத்திரிகையால் வந்தது. எல்லோரும் என்னை 'வாத்தி' என்றே கூப்பிட்டார்கள்.

நடேசன் ஆற்றங்கரையில் ஒரு ரப்பர் கிடங்கில் பொதி சுமப்பவன். காஜா பெராங் செட்டிகளில் ஒருவன். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பல தலைமுறைக்கு முன் வந்து தங்கிய இந்துக் குடும்பங்கள் அவர்கள். பெயர், சாமி, பண்டிகை எல்லாம் நம்முடையவை. பேச்சு மட்டும் மலாய், நடுநடுவே சில தமிழ்ச் சொற்கள். அவனோடும் அவன் வீட்டாரோடும் நான் பேசியது மலாயில்தான். இங்கே அதைத் தமிழில் தருகிறேன்.

ஆரம்ப காலத்தில் பெஞ்சு இல்லை. அதனால் தினமும் சண்டை. எவ்வளவு கீழே போனால் அது குந்தியதாகக் கணக்கு என்று யாருக்கும் தெரியாது.

"இது குந்தறதா? பஸ்ல எடம் இருக்கான்னு எட்டிப் பாக்கற மாதிரி லேசா வளையறே!" என்பான் அசீஸ்.

"நீ மட்டும் என்னா? கீழ போனா மேல வரமாட்டேங்கற. பேசாம அப்படியே மார்க்கெட்ல மீன் விக்க உக்காந்துடு லா," என்பான் நடேசன்.

"மார்க்கெட் ஆயாவெல்லாம் காலையில அஞ்சு மணிக்குக் குந்துனா பத்து மணிக்குத்தான் எழும்பறாங்க. அவங்கதான்டா சாம்பியன்!"

கடைசியில் அசீஸ் ஒரு தச்சரிடம் சொல்லிக் குட்டை பெஞ்சு ஒன்று செய்துவந்தான். பின்புறம் பெஞ்சைத் தொட வேண்டும், தொட்டதும் எழ வேண்டும். தொடாவிட்டால் கணக்கில்லை. அதன் பிறகு சண்டை ஓய்ந்தது. பெஞ்சு யாருக்கும் உறவுக்காரன் இல்லையே என்று நடேசன் சொல்வான்.

முதுகைப் பார்ப்பவன்

நம்மவர்கள் பஸ்கி என்று சொல்லும் பயிற்சிதான் இது. எடை இல்லாமல் நூறு போடுகிறவர்கள்கூட எடையோடு தப்பாகப் போடுவார்கள். முழங்காலை முதலில் மடக்கினால் தப்பு. இடுப்பு முதலில் பின்னால் போக வேண்டும், இருட்டில் நாற்காலியைத் தேடுவதுபோல. பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும். முழங்கால்கள் உள்பக்கம் சாயாமல் விரல்கள் காட்டும் திசையிலேயே போக வேண்டும். இறங்குமுன் வயிற்றில் மூச்சை நிரப்பி, யாரோ குத்தவருவதுபோல் இறுக்கிக்கொள்ள வேண்டும். இத்தனையும் முதுகின் அடிப்பகுதி நிலைகுலையாமல் இருப்பதற்காகத்தான்.

நடேசன் உயரமானவன். தொடை எலும்பு நீளம். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு எல்லை உண்டு. அதுவரை முதுகு பலகைபோல் நிற்கும். அதற்குக் கீழே போனால் வால் எலும்பு உள்ளே சுருளும், முதுகின் அடி வில்லாக வளையும். சும்மா குந்தும்போது வளைந்தால் பரவாயில்லை. தோளில் எடை இருக்கும்போது வளையக்கூடாது.

அவனுடைய எல்லை அந்த பெஞ்சின் உயரம்தான். அதை அளந்தவன் நான். அவனிடம் சொன்னவனும் நான்.

"இதுக்குக் கீழ எடையோட போகாதே. உன் உடம்புக்கு இதான் தரை."

"சரி வாத்தி," என்றான். அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்னால் போதும் அவனுக்கு.

நானோ குட்டை. குட்டைத் தொடை. எவ்வளவு கீழே போனாலும் என் முதுகு வளையாது.

பெஞ்சு ஓடிப்போன காலை

மெர்டேகா கொண்டாட்டத்தில் திடலில் ஒரு மேடை போடப் போகிறார்கள், எங்கள் கொட்டகையிலிருந்து ஒருவர் மேடையேறி எடையோடு குந்தி எழுந்து காட்டலாம் என்று செய்தி வந்தது. ஒருவர்தான். யார் என்பதற்குப் போட்டி வைத்தோம்.

நடேசன்தான் ஜெயிப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அது எனக்குப் பொறுக்கவில்லை. படித்தவன் நான், சொல்லிக்கொடுத்தவன் நான், மேடையில் நிற்கப்போவது நான் சொன்னபடி செய்த ஒருவன். என் மனத்தில் இருந்தது இவ்வளவுதான். பெரிதாகக் காட்ட வேறொன்றும் இல்லை.

பெஞ்சு தாழ்ந்தால் அவன் கீழே மாட்டிக்கொள்வான், இரண்டு பேர் தண்டைத் தூக்கிவிடுவார்கள், போட்டி முடிந்துவிடும் என்று நினைத்தேன். முதுகு வளையும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். அறுத்துக்கொண்டிருந்தபோது அதை யோசிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

நான் நினைத்தபடி நடக்கவில்லை. நடேசன் தேடினான், இன்னும் இறங்கினான், அடிமுதுகு வளைந்தது, பெஞ்சைத் தொட்டான், வளைந்த முதுகோடு எழுந்தும்விட்டான். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் முகத்தில் ஒரு கணம் ஆச்சரியம் மட்டும் தெரிந்தது.

"இன்னைக்கு பெஞ்சு ஓடிப்போச்சு வாத்தி," என்றான் சிரித்துக்கொண்டே.

"பெஞ்சு ஓடல. உன் பின்பக்கத்துக்குத்தான் பயம் வந்துருச்சு," என்றான் அசீஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த எடையை என்னால் தூக்க முடியவில்லை. நடேசன் ஜெயித்தான்.

மறுநாள் காலை அவனால் பாயைவிட்டு எழ முடியவில்லை. மெர்டேகா அன்று அவனுக்குப் பதில் மேடையேறியது நான். மழை பெய்து நின்றிருந்தது. ஈரப் புல்லின் வாசனையும், எதிரே நின்ற குடைகளும் நினைவிருக்கின்றன. கைதட்டல் நினைவில்லை. போட்டி நடந்த வாரமே பெஞ்சு ஆடுகிறது என்று அசீஸிடம் சொல்லி, அதை உடைத்து விறகாக்கினேன்.

துடைப்பக் கம்பு

வாரக்கணக்கில் நடேசன் பலகையில் படுத்துக்கிடந்தான். பிறகு மெல்ல நடந்தான். ஆனால் குந்த முடியவில்லை. குந்தினால் எழ முடியவில்லை. அந்தக் காலத்து வீட்டில் குந்தாமல் ஒரு மனிதன் காலைக்கடனைக்கூட முடிக்க முடியாது. அவன் மனைவி லெட்சுமி ஒரு நாற்காலியின் நடுப்பலகையை எடுத்துவிட்டு அவனுக்காகக் கொடுத்தாள். கிடங்கில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

நான் தினமும் பள்ளி முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். பரிகாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலில் குப்புறப் படுக்கவைத்து, நெஞ்சை நான்கு விரல் உயரம் மட்டும் தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்தச் சொன்னேன். பிறகு மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. இரண்டும் வலியில்லாமல் வந்த பிறகு துடைப்பக் கம்பு. கம்பை முதுகின் நீளத்துக்கு வைத்துப் பிடிப்பேன். பின்தலை, தோள்களின் நடு, வால் எலும்புக்கு மேல், இந்த மூன்று இடங்களிலும் கம்பு பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியே இடுப்பு மூட்டிலிருந்து முன்னால் சாய வேண்டும். முதுகைக் கூனுவது வேறு, இடுப்பில் மடங்குவது வேறு என்பதை உடம்பு இப்படித்தான் கற்றுக்கொள்ளும்.

அதன் பிறகு நாற்காலி. உட்கார்ந்து எழுவது. அடுத்து, நாற்காலிக்குப் பதில் அடுக்கிய பலகைகள். வாரத்துக்கு ஒரு பலகையை உருவுவேன். நானும் பக்கத்தில் நின்று அவனோடு குந்தி எழுவேன்.

"ரெண்டு பேரும் முட்டை போட எடம் தேடற கோழி மாதிரி இருக்கீங்க," என்பாள் லெட்சுமி.

"சிரிக்க வெக்காதே. மூச்சு போயிடுது," என்பான் நடேசன்.

முதுகுவலி பற்றி எழுதிக் கேட்ட இரண்டு வாசகர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இந்த வயதிலும் காலையில் நான் செய்வது இதைத்தான். ஆனால் முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

சம்பல்

ஒருநாள் கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோது நடேசனின் அம்மா உள்ளேயிருந்து வந்தார். வெற்றிலை மென்றுகொண்டே சொன்னார்.

"உன் அப்பா கோபமா இருக்கார்டா. வேற ஒண்ணும் இல்ல."

போகியன்று அவர்கள், நடேசனின் அப்பாவைப்போல் இறந்துபோன முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பார்கள். பர்ச்சு என்பார்கள். உயிரோடு இருந்தபோது யாருக்கு எது பிடிக்குமோ அதெல்லாம், சம்பல் என்னும் மிளகாய்த் துவையல் உட்பட, இலையில் இருக்கும். முன்னோர் சாப்பிட்டு முடிக்கும்வரை வீட்டில் ஒருவரும் அதை ருசி பார்க்கக்கூடாது, சமைப்பவள்கூட.

"போன போகிக்கு உன் பெண்டாட்டி சம்பலை ருசி பாத்தா. நான் கண்ணால பாத்தேன்."

லெட்சுமி வாசற்படியில் நின்றாள். "ருசி பாக்கல அம்மா. விரல் சுட்டுடுச்சு. வாயில வெச்சேன்."

"விரல்ல என்ன இருந்தது?"

அவள் அந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"சொல்லு. என்ன இருந்தது?"

"சம்பல்."

"அப்புறம் என்ன?" என்றார் அம்மா. "அப்பாவுக்கு முன்னால இவ சாப்பிட்டா, அவர் புள்ளையோட இடுப்பைப் பிடிச்சுட்டார். இனி படையல் அடுப்புகிட்ட இவ வரக்கூடாது."

என் கையில் கம்பு இருந்தது. நான் அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும்.

"கழுத்தை நேரா வை," என்று நடேசனிடம் சொன்னேன்.

அவர்கள் உள்ளே போன பிறகு நடேசன் என்னைக் கேட்டான். "வாத்தி, நான் தப்பாக் குந்தினேனா? நீ பாத்துக்கிட்டுதானே இருந்தே. நான் சரியாத்தானே செஞ்சேன்? அப்ப அம்மா சொல்றதுதான் காரணமா?"

"சில சமயம் காரணமே இருக்காது," என்றேன்.

பெஞ்சை அறுத்தது ஒரு மதிய நேரத்து வேலை. இந்தப் பொய்யை நான் போகிவரை சுமந்தேன். லெட்சுமி அதைவிட அதிகமாகச் சுமந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் வீட்டு விசேஷங்களுக்கும் அவளை அடுப்பண்டை விடவில்லை.

போகி

போகியன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மூத்த மகன்தான் இலைமுன் குந்திப் பரிமாற வேண்டும். நடேசன் இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகு வளையாமல் இறங்கினான். சோறு, மீன், சம்பல் எல்லாம் வைத்தான். சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. தரையில் கை ஊன்றாமல் எழுந்தான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

லெட்சுமியைத் தேடினேன். கிணற்றடியில் நின்றிருந்தாள். இலைகளை நறுக்கிக் கழுவிக் கொடுப்பது மட்டும் அவளுக்கு விட்டிருந்த வேலை. கழுவ இலை ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் அங்கேயே நின்றாள்.

மறுநாள் நடேசனை வேலியோரம் கூட்டிப்போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எவ்வளவு அறுத்தே?"

"ஒன்றரை அங்குலம்."

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து அந்த அளவைப் பார்த்தான். "இவ்வளவா?" என்றான். பிறகு சொன்னான், "இதை என்கிட்ட ஏன் சொல்றே? உள்ள போய்ச் சொல்லு."

உள்ளே போனேன். அம்மா, லெட்சுமி, இரண்டு உறவுக்காரப் பெண்கள் இருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். சொல்லி முடித்ததும் அம்மா சிரித்தார்.

"தம்பி, நாலு மாசமா தினமும் வந்தே. என் புள்ளையைக் குழந்தை மாதிரி உக்கார வெச்சே, எழுப்பினே. கெடுத்தவன் அப்படி வருவானா?"

"உண்மைதான் அம்மா. நான்தான்."

"இவளுக்காகப் பொய் சொல்றே. நல்ல மனசு உனக்கு." லெட்சுமியின் பக்கம் திரும்பினார். "நீ கேட்டியா இவர்கிட்ட, இப்படிச் சொல்லுங்கன்னு? படிச்ச மனுஷனைப் பொய் சொல்ல வெக்கறியா?"

அடுத்த இரண்டு போகிக்கும் முன்னால் போய் அதையே சொன்னேன். இரண்டு முறையும் அம்மா எனக்குக் காப்பியும் பலகாரமும் கொடுத்தார். வந்தவர்களிடம் என்னைக் காட்டி, இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று கேட்டார். காட்டுவதற்கு என்னிடம் பெஞ்சும் இல்லை.

இரண்டாம் முறை, வாசலில் லெட்சுமி என்னை நிறுத்தினாள்.

"அண்ணே, இனிமே வராதீங்க. நீங்க ஒரு தடவை வந்துட்டுப் போனா அவங்க என்னை ஒரு மாசம் பேசறாங்க."

நான் போவதை நிறுத்தினேன். நடேசன் கிடங்கில் திரும்பச் சேர்ந்து பல வருஷம் பொதி சுமந்தான். கொட்டகைக்கு வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் என்னைப் பார்ப்பான், போய்விடுவான்.

தெங்கேராவில்

அம்மா நெடுங்காலம் இருந்தார். இறந்த செய்தியை அசீஸ்தான் சொன்னான். அதற்கு அடுத்த ஆண்டு, பொங்கல் கழிந்து சில நாட்கள் இருக்கும், மலாக்கா டவுனை ஒட்டிய தெங்கேராவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது லெட்சுமியைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. கையில் மீன் கூடை. முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். திருப்பவில்லை.

"இந்தப் போகிக்கு நீங்கதான் சமைச்சீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா அண்ணே. எல்லாம் நான்தான்." மீன் கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "வாயில துணி கட்டிக்கிட்டுச் சமைச்சேன்," என்றாள்.

"உங்களுக்குத்தான் தெரியுமே, உங்க மேல தப்பு இல்லைன்னு."

"தெரியும். நீங்க வந்து சொன்ன அன்னைக்கே நம்பினேன். அவங்கதான் நம்பல. ஆனா அடுப்புகிட்ட போனதும் கை தானா வாய்க்குப் போயிடுமோன்னு ஒரே பயம். சம்பலைக் கிண்டவே முடியல. அதான் கட்டிக்கிட்டேன்."

நடேசன் அதைப் பார்த்தானா என்று கேட்டேன்.

"பாத்தாரு. துணி நழுவி நழுவி விழுந்துது. அவரே வந்து பின்னால முடிச்சுப் போட்டு விட்டாரு."

பஸ் வந்தது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.